பிந்தி விழுந்த அடி

அன்புள்ள செல்லத்துரைக்கு,

இந்தக் கடிதத்தை யார் எழுதிக் கொடுத்தது என்றுதான் நீ முதலில் சந்தேகப்படுவாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பார். 'ழ' வருகிற இடமெல்லாம் காற்றில் சாய்ந்த கூடாரம் மாதிரி நிற்கும். ஒரு 'ஞ' இன்னொரு 'ஞ' மாதிரி இருக்காது. இப்படி எழுத நம் தெருவில் வேறு ஆள் கிடையாது. நான் எழுதப் படிக்கப் போகிற மாலை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் பிள்ளை, "தாத்தா, திருத்தித் தரட்டுமா?" என்று கேட்டது உண்மைதான். தாளை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சந்தேகம் வருகிற சொல்லையெல்லாம் பழைய பேப்பரில் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போகிறது. போகட்டும். அறுபத்தைந்து வயதில் முதல் கடிதம் எழுதுகிறவனுக்கு என்ன அவசரம்?

எழுதப் படிக்க வந்ததும் நான் செய்த முதல் வேலை, இத்தனை காலம் மற்றவர்கள் எனக்கு வாசித்துச் சொன்னதையெல்லாம் சரிபார்த்ததுதான். ரேஷன் கார்டில் என் பெயரைத் தப்பாகத்தான் எழுதியிருப்பார்கள் என்று நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் இருந்தது. கடைக்காரரை அநியாயமாக முறைத்திருக்கிறேன். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு பஸ்ஸின் போர்டையும், கண்டக்டர் கூவுகிற ஊர்தானா என்று எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷம். உன் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், "போர்டப் படிச்சுப் படிச்சே ரெண்டு பஸ்ஸ விட்டுட்டாரு இந்த மனுசன். கண்டக்டர் கத்துதான், இவரு எழுத்துக் கூட்டுதாரு" என்று சொல்லிச் சிரித்தாள். ஆனால் ஒன்று சொல்கிறேன். எல்லாக் கடையிலும் 'அசல்' என்று எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதாலேயே ஒன்றை நம்பிவிட முடியாது என்பது, படிக்க வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நீ வீட்டை விட்டுப் போய் ஆறு மாதமாகிறது. கிருஷ்ணன்கோவில் காலேஜில் எலெக்ட்ரீஷியன் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாய் என்று உன் அம்மா சொல்லித்தான் தெரியும். நான் உன்னைப் பார்க்க வரவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். அங்கே வர வேண்டுமானால் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டித்தான் வர வேண்டும். அதுதான் காரணம். கட்டிக்கொண்டால் அந்த ஊர் ஜெயந்தியைத்தான் என்று நீ சொன்ன அன்று, கோர்ட்டுப் பக்கத்து டைப்பிங் கடையில் வேலை பார்க்கிற பெண், அப்பா பால்கோவா கிண்டுகிறவர், முன்னாளில் நீங்கள் டிரம் அடித்த சர்க்கஸில் இருந்தவராம் என்று நீ ஆசையாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "அந்த வீட்ட நம்பாத. கட்டுன பெண்டாட்டியவே கையிலருந்து விட்டவன் அவன்" என்றேன். நீ மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் அதையே சொன்னேன். மூன்று தடவையும் சொன்னது பொய். அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு நான் செய்த இன்னொரு அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சின்னது. நீ ஆறாம் வகுப்பில் படித்தபோது கணக்கில் எண்பத்திரண்டு வாங்கியதாக வாசித்துக் காட்டினாய். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் என்னை ஏமாற்றுகிறாய் என்று நினைத்தேன். உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய், அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் மார்க் கார்டைக் கொடுத்தேன். அவர், "எண்பத்திரண்டுதாம்யா. நல்ல மார்க்கு. பையன எதுக்கு இப்படிப் பிடிச்சிருக்கீரு?" என்றார். நான் கையை விட்டேன். வீடு வரை நீ எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாய். அன்று உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படிக்காதவன் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டே பிழைக்க வேண்டியிருக்கிறது. அப்படித்தான் நான் பிழைத்தேன், இப்போதும் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் சந்தேகம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டது.

சர்க்கஸில் பேண்டுக்காரர்கள் எங்கே உட்காருவார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆட்டக்காரர்கள் நுழைகிற திரைக்கு மேலே, பரண் மாதிரி ஒரு மேடை. அங்கிருந்து மொத்த வளையமும் தெரியும். எங்களில் யாரும் தாளைப் பார்த்து வாசிக்கிறவர்கள் இல்லை. கண் தாளில் இருந்தால் வளையத்தை யார் பார்ப்பது? யானை தூக்குகிற காலைப் பார்த்து டிரம்பெட் ஏறும். சைக்கிள்காரி திரும்புகிற இடத்தில் கிளாரினெட் திரும்பும். நான் டிரம். விழுகிறவர்கள், தாவுகிறவர்கள், எறிகிறவர்கள் எல்லாரும் என் கணக்கு. எங்களுக்கு ஒரு சட்டமும் இருந்தது. யாராவது விழுந்தால் பேண்டு நிற்கக் கூடாது. அந்த நொடியே வேகமான, குதியாட்டமான ஒரு பாட்டுக்குத் தாவ வேண்டும். பபூன்கள் ஓடி வந்து குட்டிக்கரணம் போடுவார்கள். ஜனம் எழுந்து வாசலுக்கு நெருக்கியடிக்காமல் இருக்க அதுதான் வழி. கை அதற்குப் பழகிவிடும். மனது என்ன நினைத்தாலும் கை வாசித்துவிடும்.

தேவராஜும் கமலாவும் ஊஞ்சல் ஆட்டக்காரர்கள். அவர் கேட்சர். எதிர் ஊஞ்சலில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, தாவி வருகிறவர்களைக் கையில் பிடிப்பவர். தாவுகிறவள் கமலா. கடைசியில் அவள் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு மூன்று தடவை தாவுவாள். கண் தெரியாதவளுக்கு எப்போது கையை விடுவது என்று யார் சொல்வது? நான்தான் சொல்வேன். அவள் ஊஞ்சலைப் பிடித்து நிற்கும்வரை சின்ன டிரம்மில் உருட்டிக்கொண்டே இருப்பேன். அவள் கிளம்பியதும் உருட்டல் நிற்கும். கூடாரமே மூச்சை அடக்கும். தேவராஜின் ஊஞ்சல் அந்தக் கோடியிலிருந்து திரும்புகிற இடத்தைப் பார்த்து, பெரிய டிரம்மில் ஒரே ஒரு அடி. அந்த அடியில் அவள் கையை விடுவாள். உருட்டல் நின்றதிலிருந்து மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி, மூன்றில் அடி. ஒரு கண் இமைப்பு பிந்தினாலும் அவர் கை அங்கே இருக்காது.

அந்த வருஷம் ராஜபாளையத்தில் ஆட்டம் முடித்து, ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடாரம் போட்டிருந்தோம். அப்போதுதான் எங்களுக்குள் ஒரு பயம் புகுந்திருந்தது. வடக்கே ஒரு சர்க்கஸில் பேண்டை மொத்தமாக அனுப்பிவிட்டு டேப் ரெக்கார்டர் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு. எட்டுப் பேர் வேலையை ஒரு பெட்டி செய்கிறதாம். அதற்குச் சோறு வேண்டாம், படுக்க இடம் வேண்டாம். அதிலிருந்து நான் எல்லாரையும் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். மேனேஜர் கூடாரத்துக்குள் வயர் ஏதாவது போகிறதா என்று பார்ப்பேன். ராஜபாளையத்தில் கேசட் கடை வைத்திருந்த ஒரு ஆளோடு தேவராஜ் நின்று பேசுவதை இரண்டு முறை பார்த்தேன். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். போதாதா எனக்கு? முதலாளிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன் இவன்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு மதியக் காட்சி. கமலா கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு தாவல் முடித்துவிட்டாள். மூன்றாவதற்கு நான் உருட்டிக்கொண்டிருக்கும்போது முன் வரிசையில் பளிச்சென்று ஏதோ மின்னியது. அதே கேசட் கடைக்காரன், மடியில் டேப் ரெக்கார்டர். அதன் வாய் எங்கள் மேடையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. என் சோற்றை அந்தப் பெட்டி விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் பட்டது. உருட்டல் நின்றுவிட்டது. அவள் கிளம்பிவிட்டாள். நான் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்குப் பிறகு அடித்தேன்.

தேவராஜின் கை வந்து, நின்று, திரும்பப் போய்க்கொண்டிருந்தது. விரல் நுனியும் விரல் நுனியும் தொட்டதை மேலேயிருந்து பார்த்தேன். அவள் கோணலாகப் போய் வலையின் ஓரக் கயிற்றில் மோதி வெளியே விழுந்தாள். அவள் தரையைத் தொடுவதற்குள் என் கை குதியாட்டப் பாட்டுக்குத் தாவிவிட்டது. பபூன்கள் வந்தார்கள். குழந்தைகள் சிரித்தார்கள். தோளும் இடுப்பும் ஒடிந்து கிடந்தவளைத் திரைக்குப் பின்னால் தூக்கிக்கொண்டு போகும்வரை நான் வாசித்தேன், செல்லத்துரை. நன்றாகவே வாசித்தேன்.

அன்று சாயங்காலம் மேனேஜர் எல்லாரையும் நிறுத்தி வைத்து விசாரித்தார். "அடி பிந்திருச்சு சார்" என்றார் தேவராஜ். சட்டையெல்லாம் ரத்தம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "தம்பி, என் அடி சரியாத்தான் விழுந்துச்சு. தலைகீழாத் தொங்குனா காது அடைக்கும்லா. ஒனக்குப் பிந்துன மாதிரிக் கேட்டிருக்கும்." அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அவரைத் திட்டியிருந்தால்கூட அவர் மறந்திருப்பார். நான் அவர் காதையே அவரைச் சந்தேகப்பட வைத்துவிட்டேன்.

மறுநாள் மேனேஜர் ஒரு தாளைக் கொண்டுவந்தார். வாசித்தும் காட்டினார். பேண்டு முறையாக வாசிக்கப்பட்டது, பேண்டின் மேல் தவறு இல்லை, அவ்வளவுதான். அவர் வாசித்தது இரண்டு மூச்சு. தாளிலோ முக்கால் பக்கத்துக்கு எழுத்து இருந்தது. எண்ணுவதே என் பிழைப்பு. குரலைவிடத் தாள் நீளம் என்பது எனக்குத் தெரியாதா? ரேஷன் கார்டைச் சந்தேகப்பட்டவன், பெற்ற பிள்ளையின் மார்க்கைச் சந்தேகப்பட்டவன், அந்தத் தாளை மட்டும் சந்தேகப்படவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினேன். ஒரு வாரத்தில் தேவராஜை வேலையை விட்டு அனுப்பினார்கள். கமலா அந்த ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவர்கள் குழந்தையோடு அங்கேயே தங்கிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து எங்களுக்கும் டேப் வந்தது. எல்லாரையும் போல நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் வந்து மில்லில் வாட்ச்மேன் ஆனேன். பதின்மூன்று வருஷம் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கவில்லை. யார் பால்கோவா கொடுத்தாலும் சர்க்கரை வியாதி என்று சொல்லிவிடுவேன். அந்த வியாதியும் பொய்தான். இது உன் அம்மாவுக்கே போன மாதம்தான் தெரியும்.

போன மாதம் வகுப்பில் எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். சந்தோஷத்தில் டீச்சர் நீட்டிய தாளில் உடனே போட்டுவிட்டேன். அந்தப் பிள்ளை தாளைப் பிடுங்கிக்கொண்டு, "வாசிக்காமப் போட்டுட்டீங்களே தாத்தா! ஒங்க வீட்டை எனக்கு எழுதிக் கொடுத்திருக்கீங்க" என்றது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் என்னால் உட்கார முடியவில்லை. உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "இத்தன மாசமா அந்த வீட்டச் சொல்லி எம்மகன வெரட்டி வச்சிருந்தது இதுக்குத்தானா?" என்றாள். நான் தலையைக் குனிந்தேன். "போயிச் சொல்லிட்டு வாங்க. அதுக்குப் பொறவு இந்த வீட்ல சோறு" என்று களைந்த அரிசியை மூடி வைத்துவிட்டாள். வெறும் வாய்ப் பேச்சு என்று நினைத்தேன். மறுநாள் காலையிலும் அடுப்பு பற்றவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் என்று போர்டில் நானே வாசித்து ஏறினேன். அந்த ஊர்ப் பெயரில் எத்தனை கஷ்டமான எழுத்து, பார்த்தாயா? விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் பெரிய இரும்புச் சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. தேவராஜ் நீளக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. கை மட்டும் அப்படியே இருந்தது. என்னை முதலில் அடையாளம் கண்டது கமலாதான். "யாரு, டிரம் அண்ணாச்சியா? வாங்க, வாங்க." இடது கையால்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். வலது தோள் எழும்பவில்லை.

தேவராஜ் எழுந்திருக்கவில்லை. "கரண்டிய விட்டாப் பால் அடிப்பிடிக்கும் அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. பொண்ணு கேக்க வந்திருக்கீயளா, வேண்டாம்னு சொல்ல வந்திருக்கீயளா?"

"ரெண்டுக்கும் இல்ல தம்பி. அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. மூணாவது தாவல்ல என் அடி பிந்திருச்சு."

கரண்டி நிற்கவில்லை. இரண்டு சுற்று சுற்றினார். "இத எதுக்கு இப்பச் சொல்லுதீய?" என்றார். "கல்யாணத்த முறிக்க வேற வழி கெடைக்கலையோ? இப்பிடி ஒண்ணக் கெளப்பிவிட்டா நாங்களே கோவிச்சிக்கிட்டு வேண்டாம்னுருவோம். மகன்கிட்ட ஒங்களுக்குக் கெட்ட பேரு இருக்காது. அப்படித்தான?"

என்னைவிடப் பெரிய சந்தேகக்காரனை அன்றுதான் பார்த்தேன். அப்படி அவரை ஆக்கியவனும் நான்தானே. "இல்ல தம்பி. என் பார்வை போயிருச்சு. முன் வரிசைல ஒருத்தன் மடில டேப்ப வச்சு எங்களப் பதிஞ்சுக்கிட்டிருந்தான். எங்க வேலைக்கு ஒல வைக்க நீதான் அவனக் கூட்டியாந்தேன்னு நெனச்சேன். அவனப் பாத்துக்கிட்டே அடிய விட்டுட்டேன்."

இப்போது கரண்டி நின்றது. அவர் கமலாவைப் பார்த்தார். "சொல்லுங்க. அவியளும் தெரிஞ்சிக்கிடட்டும்" என்றாள் அவள்.

"நான்தான் கூட்டியாந்தேன்" என்றார் தேவராஜ். "காலைல செத்த நேரம் வந்து வாசிங்க அண்ணாச்சி, இவ கண்ணக் கட்டிப் பழகணும்னு எத்தன தடவ கேட்டேன்? ரெண்டு காட்சி வாசிக்கதுக்கே கை விட்டுப்போகுதுன்னுட்டிய. சரி, ஒங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம், கேசட்டுல பதிஞ்சு வச்சுப் பழகலாம்னு நெனச்சேன். ஒங்ககிட்டச் சொன்னா மொகம் வாடிப்போவும்னு சொல்லல. ஒங்க அடியத்தான் பதியச் சொன்னேன். வேற ஆளு அடிக்கு இவ கைய விட மாட்டா அண்ணாச்சி."

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.

கமலா உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அதில் அந்தக் கேசட் இருந்தது. கடைக்காரன் ஆஸ்பத்திரிக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனானாம். அவள் அலறல் அதில் இருக்கும் என்று இத்தனை வருஷமும் போட்டுக் கேட்கவில்லை. கேசட்டுக்கு அடியில் மடித்த தாள் ஒன்று. வேலையை விட்டு அனுப்பும்போது தேவராஜிடம் கொடுத்த நகல். அடியில் என் கட்டைவிரல் ரேகை, மங்கலாக. "வாசிங்க" என்றாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். நான் வாசித்த முதல் நீளமான தாள் அதுதான். 'கேட்சர் தேவராஜ் அன்று குடித்துவிட்டு மேலே ஏறியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.' அது நான் சொன்னதாக எழுதியிருந்தது. தேவராஜ் குடித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வாசித்து முடித்தபோது, எனக்குப் படிக்கத் தெரியாது என்கிற சாக்கு என் கையை விட்டுப் போய்விட்டது. அந்தச் சாக்கு போனதில் எனக்கு வருத்தமில்லை.

"போடுங்க அத" என்று கமலா கேசட்டைக் காட்டினாள். தேவராஜ் வேண்டாம் என்றார். "நான் அவசரப்பட்டுக் கைய விட்டுட்டேனோன்னு பதிமூணு வருசமா எனக்குச் சந்தேகம். எனக்கும் தெரியணும்" என்றாள். அவளும் தன்னையேதான் சந்தேகப்பட்டிருக்கிறாள். இதை அவர்கூட அன்றுதான் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

கமலாவே உள்ளேயிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்து வந்து போட்டாள். டேப் கரகரவென்று ஓடியது. முதல் தாவல். உருட்டல், அமைதி, அடி, கைதட்டல். இரண்டாவதும் அப்படியே. ஒன்று, இரண்டு, அடி. மூன்றாவது உருட்டல் வந்தது. கமலா கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல கை கொட்டகைக் கம்பைப் பிடித்திருந்தது. உருட்டல் நின்றது. நான் ஒன்று, இரண்டு எண்ணி, விழ வேண்டிய இடத்தில் என் விரலால் ஸ்டூலில் ஒரு தட்டுத் தட்டினேன். அந்தத் தட்டில் அவள் கை கம்பை விட்டுத் திறந்தது. அதற்குப் பிறகுதான் டேப்பில் அடி விழுந்தது. பிறகு அலறல். அலறல் முடிவதற்குள் குதியாட்டப் பாட்டு.

அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஜெயந்தி வேலை முடிந்து வந்து கொட்டகை வாசலில் நின்றாள். "என்னம்மா பாட்டு இது?" என்றாள். கமலா கண்ணைத் திறந்து, "ஏட்டி, ஒங்கப்பா கை வழுக்கலட்டி" என்றாள். அந்தப் பெண் தன் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ பால் அடிப்பிடித்துவிட்டது என்று சொல்லிச் சட்டிக்குள் குனிந்துகொண்டார். அன்று அடிப்பிடித்துப் போன அந்தச் சட்டிப் பாலுக்கும் நான்தான் பொறுப்பு.

கிளம்பும்போது கமலா சொன்னதை நான் வார்த்தை தவறாமல் உனக்குச் சேர்க்க வேண்டும். "மன்னிப்பெல்லாம் இப்ப எங்கிட்டக் கேக்காதீய அண்ணாச்சி. வாயால சொன்னது போதாது. அன்னைக்குத் தாள்லதான அவியளக் குடிகாரன் ஆக்குனிய? தாள்லயே மாத்துங்க. ஒங்க கையால எழுதி எங்களுக்கு ஒண்ணு, ஒங்க மகனுக்கு ஒண்ணு. பொண்ணு கேக்க நீங்க வர வேண்டாம். அவன் வாசிக்கட்டும். வாசிச்ச பொறவும் இந்த வீட்டுப் படி ஏற அவனுக்கு மனசு இருந்தா, அவன் வரட்டும்." தேவராஜ் வாழையிலையில் கொஞ்சம் பால்கோவா மடித்து நீட்டினார். அடிப்பிடித்ததா, நல்லதா, மன்னிப்பா, சீக்கிரம் போ என்பதா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்து உன் அம்மாவும் நானும் தின்றோம். பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு தின்றதால் ருசியைப் பற்றி என்னால் நியாயமாகச் சொல்ல முடியாது. அன்றைக்கு அடுப்பு பற்றியது.

அவர்களுக்கு உரிய தாளை நேற்று கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். இது உன்னுடையது. மறைத்து வைக்காதே. காலேஜில், தெருவில், யார் கேட்டாலும் வாசித்துக் காட்டு. நம் குடும்பத்தைப் பற்றிச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவர் குடித்தார், விட்டார் என்று சொன்ன வாய்களுக்கு இது போய்ச் சேர வேண்டும். கல்யாணம் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. நீ அந்தப் படி ஏற வெட்கப்படுவாய். வெட்கம் என்னுடையது, அதை நீ சுமந்துகொண்டு அந்தப் பெண்ணை விட்டுவிடாதே. அவள் அப்பா கையை நம்பலாம். அவரை நான் மேலேயிருந்து எத்தனையோ காட்சி பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட அவர் கை பிந்தியதில்லை.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் அப்பன் என்கிற முறையில் ஒன்று. சந்தேகத்தை விடாதே, அது நல்ல ஆயுதம். ஆனால் உனக்கு வசதியாக எது வந்தாலும் அதை முதலில் சந்தேகப்படு. ராஜபாளையத்திலிருந்து கிருஷ்ணன்கோவில் பஸ் எது என்று எனக்கு இப்போது வாசிக்கத் தெரியும். நீ வா என்று எழுது, வருகிறேன்.

கீழே இருப்பது என் கையெழுத்து. முதல் பக்கத்திலிருந்து இந்த வரி வரைக்கும் முழுக்க வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டிருக்கிறேன்.

அப்பா